கற்பூரம் அணைத்த ஓட்டக்காரர்

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் எனக்கு உறவினர் என்று ஒருவரும் இல்லை. என்னை அங்கே அழைத்ததற்குக் காரணமே அதுதான். சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்த சிவபாலன், வேலணையில் சைக்கிள் பந்தயக் குழுவின் செயலாளராக இருந்தார். 1983-ஆம் ஆண்டின் சித்திரைப் பந்தயத்துக்கு முடிவுக்கோட்டில் நிற்க ஒரு நடுவர் வேண்டியிருந்தது. வேலணைக்காரர் நின்றால் புங்குடுதீவு ஒப்புக்கொள்ளாது. புங்குடுதீவுக்காரர் நின்றால் ஊர்காவற்றுறை ஒப்புக்கொள்ளாது. யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஒருவரைப் பிடித்தாலும், அவருடைய மாமியார் எந்தத் தீவில் பிறந்தவர் என்பதை யாராவது தோண்டி எடுத்துவிடுவார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வருபவனிடம் தோண்ட ஒன்றுமில்லை. ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாவது தகுதி.

யாழ்ப்பாணத்தில் வேலணை பஸ் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கூரை எரிந்துபோன நூலகத்தைக் கடந்தோம். பஸ்ஸில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். வெளியாள் என்பதை அதிலேயே எல்லோரும் தெரிந்துகொண்டிருப்பார்கள். கடற்பாலம் தொடங்கும் இடத்தில் சிப்பாய்கள் இருவர் ஏறி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கினார்கள். அவர்கள் இறங்கிய பிறகும் கொஞ்ச தூரம் வரை யாரும் பேசவில்லை.

பாலத்தின் நடுவில் எஞ்சின் கொதித்து பஸ் நின்றது. இருபுறமும் கடல், எஞ்சினில் ஊற்றத் தண்ணீர் இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்க இன்னும் நாள் இருந்தது, தகரக் கூரைக்குக் கீழே புழுங்கியது. யாரோ தன் குடிதண்ணீர்ப் போத்தலைச் சாரதியிடம் நீட்டினார். பேச்சு திரும்பியது. எனக்கு முன்னால் இருந்த இருவர் பந்தயத்தைப் பற்றிப் பேசினார்கள்.

"இந்தமுறை சந்திரன்தான் பாரும்."

"ஓம். அவன்தான் கொண்டுபோவான்."

"போன வருசம் அவனுக்குக் கல்லெறிஞ்சனீர் நீர்தானே?"

"நான் எறிஞ்சது சின்னக் கல்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லெறிந்தவரும் சிரித்தார்.

அந்தக் கல்லின் கதையைச் சாப்பாட்டின்போது சிவபாலன் சொன்னார். அவர் மனைவி, குரக்கன் என்று அங்கே சொல்லும் கேழ்வரகில் புட்டும் கணவாய்க் கறியும் வைத்திருந்தார். புட்டு எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் நாங்கள் அதைச் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிறவர்கள். கறுத்த புட்டின் மேல் காரக்குழம்பை ஊற்றிப் பிசைவதற்குக் கைக்குக் கொஞ்சம் துணிச்சல் தேவைப்பட்டது.

தீவுப் பந்தயத்தை விளையாட்டு என்று மட்டும் நினைத்து வந்தது என் தவறான கணக்கு. புங்குடுதீவுக் குடும்பங்கள் பல தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்திருந்தன. அந்த முதலாளிகள் ஆளுக்கொரு சைக்கிள் ஓட்டக்காரரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். சைக்கிள் வெளிநாட்டிலிருந்து வரும். முட்டையும் பாலும் முதலாளி வீட்டிலிருந்து போகும். ஓட்டக்காரருக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. புங்குடுதீவின் மடத்துவெளியைச் சேர்ந்த சந்திரன் அப்படி ஓடிய தொழில்காரர்களில் முதன்மையானவர்.

முந்தைய வருடம் சந்திரன் முதலாவதாக வந்தார். வந்த பிறகும் சைக்கிளை விட்டு இறங்காமல் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். எல்லோரிடமும் நிறுத்தாமல் பேசினார். பிறகு மேடைக்கு முன்னால் சாய்ந்தார். சட்டையைத் தளர்த்தியபோது பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. கூட்டத்தில் நின்ற லொறிச் சாரதி ஒருவர் அதைப் பொறுக்கிப் பார்த்து, "இது எங்கட குளிசையல்லோ!" என்று கத்தினாராம். தீவுப் புகையிலையை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் சாரதிகள் தூக்கம் வராமலிருக்கப் போடுவது அது. அதன் பிறகுதான் கல். பரிசை நிறுத்தி வைத்தார்கள். மடத்துவெளியில் சந்திரனின் படத்தை அவருடைய ஊர்க்காரர்களே கிழித்தார்கள்.

"இந்த வருசம் என்ன ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"பந்தயத்துக்கு முதல்நாள் எல்லா ஓட்டக்காரரையும் நயினாதீவுக்குக் கொண்டுபோறம். அம்மன் வாசலிலை கற்பூரம் கொளுத்தி, அணைச்சு, சத்தியம் செய்யவேணும். மருந்து உடம்பிலை ஏறாது எண்டு."

"சோதனை எதுவும் இல்லையா?"

"எங்களுக்கு ஆய்வுகூடமெண்டா அம்மாள்தான்," என்றார் சிவபாலன். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவருடைய நண்பரின் காரில் நாரந்தனைக்குப் போனோம். காரின் ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அது என் பக்கத்துக் கதவு. சந்திரனுக்குச் சமமாக ஓடக்கூடியவர் என்று எல்லோரும் சொன்ன இராசன், அங்கே கூட்டுறவுக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி யாரும் அவரை வைத்திருக்கவில்லை. முப்பதை நெருங்கும் வயது. கணுக்கால் இரண்டும் கயிறு முறுக்கியதுபோல் இருந்தன. கடைக்குப் பின்னால் உட்காரச் சொல்லி, பனங்கட்டியும் பால் இல்லாத தேநீரும் கொடுத்தார். கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். எனக்குக் கட்டி முதலில் தீர்ந்துவிட்டது.

இந்த வருடப் பந்தயத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனியின் ஆள் வருகிறார். முதலாவதாக வருபவரைக் கம்பெனியின் ஓட்டக்குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். இராசனுக்கு வேண்டியது அந்த இடம் ஒன்றுதான்.

"இஞ்ச நான் வருசத்திலை ஒரு நாள்தான் ஓட்டக்காரன், ஐயா. மற்ற நாளெல்லாம் சீனி நிறுக்கிறவன். அடுத்த வருசம் காலும் கேளாது. இந்தமுறை இல்லையெண்டா இல்லைத்தான்."

"மருந்து எடுப்பவரோடு மருந்து எடுக்காமல் ஓடி வெல்ல முடியுமா?"

"சத்தியம் எண்டு வந்தா எல்லாரும் ஒரே மாதிரித்தானே ஓடவேணும்," என்றார். அந்தக் கற்பூரத்தை அவர் முழுவதும் நம்பியிருந்தார். அவருடைய அக்காவின் கணவர் தருமு பக்கத்தில் நின்று என் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானின் சைக்கிளைத் துடைப்பது, சங்கிலிக்கு எண்ணெய் விடுவது, சவாரிக்குப் பின் காலுக்கு நல்லெண்ணெய் தேய்ப்பது எல்லாம் அவர்தான். "வெல்லவேணும் ஐயா," என்று மட்டும் சொன்னார்.

மாலையில் மடத்துவெளி. தேநீர்க் கடைச் சுவரில் சந்திரனின் புதுப் படம் ஒட்டியிருந்தது. அதன் ஓரங்களில் பழைய படத்தின் கிழிந்த விளிம்பு தெரிந்தது. கிழித்தவர்களே ஒட்டியிருக்கிறார்கள். பழையதைச் சுரண்டிவிட்டு ஒட்டுவதற்கு மட்டும் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

கடையில் என்னை நடுவர் என்று அறிமுகப்படுத்தியதும், கேட்காமலே விளக்கங்கள் வந்தன. "எல்லாரும்தான் போடுறாங்கள். அவன் பிடிபட்டவன், அவ்வளவுதான்," என்றார் ஒருவர். "குளிசை மிதிக்குமோ ஐயா? மிதிக்கிறதுக்குக் கால் வேணுமல்லோ," என்றார் இன்னொருவர். தென்னிலங்கையில் கடை வைத்திருக்கும் சந்திரனின் முதலாளி புது வருடத்துக்கு வந்திருந்தார். அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "என்ர லொறிச் சாரதி போட்டா அவன் உழைப்பாளி. என்ர ஓட்டக்காரன் போட்டாக் கள்ளனோ?"

ஒரு வருடத்துக்குள் கல்லிலிருந்து இந்த இடத்துக்கு வந்திருந்தார்கள். முதலில் கோபம், பிறகு பாவம் என்ற இரக்கம், இப்போது ஒருவகைப் பெருமை. எங்கள் ஊரில் ரசிகர்கள் இவ்வளவு தூரம் நடப்பதில்லை. தன் ஆள் தவறு செய்தான் என்று முதல் நாளிலேயே நம்பமாட்டார்கள். கோபத்திலிருந்து தொடங்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வராது. இவர்கள் நம்பினார்கள், கல்லெறிந்தார்கள், பிறகு நடந்து திரும்பியிருந்தார்கள்.

முதலாளி எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், தான் உள்ளறைக்குப் போனார். சந்திரன் விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று பேசினார்.

"ஓம், போட்டனான். இல்லையெண்டு சொல்லேல்லை. போன வருசம் கல்லெறிஞ்சவை, இந்த வருசம் மாலை போடினம். ரெண்டு நாளும் நான் ஒரே ஆள்தான்."

"நாளைக்குச் சத்தியம் செய்வீர்களா?"

அவர் முதலாளி இருந்த அறையின் பக்கம் பார்த்தார். "அம்மாளிட்டைப் பொய் சொல்ல ஏலாது," என்றார்.

நயினாதீவுக்குப் படகு குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்படுகிறது. ஓட்டக்காரர்களோடு ரசிகர்களும் ஏறியதில் படகு நீர்மட்டத்துக்குத் தாழ்ந்தது. கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் யாரும் மீன் இறைச்சி தொடவில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கைமாறின. பாதி வழியில் எஞ்சின் நின்றது. படகோட்டி அதைத் திட்டிய சொற்களை நான் எழுதமுடியாது. கோயிலுக்குப் போகும்போது இப்படிப் பேசலாமா என்று ஒரு பெண் கேட்டதற்கு, "எஞ்சினுக்கு அம்மாளைத் தெரியாது அக்கா," என்றார். மடக்கிய கறுப்புக் குடையை மடியில் வைத்திருந்த அந்தப் பெண் மடத்துவெளிக்காரர். நான் இறங்கும்வரை அவர் முகம் என் நினைவில் பதியவில்லை. குடைதான் பதிந்தது.

கோயில் வாசலில் நடந்தது நான் எதிர்பார்த்ததல்ல. சிவபாலன் கற்பூரக் கட்டியைக் கையில் எடுத்ததுமே மடத்துவெளிக்காரர்கள் முன்னால் வந்து நின்றார்கள். தங்கள் ஆள் மருந்து போடமாட்டார் என்று அவர்கள் வாதாடவில்லை. சத்தியம் வேண்டாம் என்று மன்றாடினார்கள்.

"பொய்ச் சத்தியம் அவனோடை நிக்காது. ஊருக்கே பிடிக்கும்," என்றார் ஒருவர்.

"அப்ப மருந்து போடாமல் ஓடச் சொல்லுங்கோவன்," என்றார் சிவபாலன்.

"அதுக்கு இது என்ன, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியே?"

மற்ற ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக அவர்களோடு சேர்ந்தார்கள். எல்லா ஊருக்கும் ஒரு பயம் இருந்தது. மருந்தைப் பற்றி அல்ல, பாம்பை ஆபரணமாக அணிந்த அம்மனிடம் பொய் சொல்வதைப் பற்றி. குளிசையும் இருக்கட்டும், அம்மனும் இருக்கட்டும், இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டாம் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். குழு ஒதுங்கிப்போய்க் கூடிப் பேசியது. விரும்பியவர்கள் சத்தியம் செய்யலாம், கட்டாயமில்லை என்று சிவபாலன் வந்து அறிவித்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓட்டக்காரர்கள் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். இராசன் முன்னால் வந்தார். சிவபாலன் கையிலிருந்த கற்பூரத்தை வாங்கிக் கல்லில் வைத்துக் கொளுத்தினார். "நாளைக்குப் பந்தயம் முடியிறவரைக்கும் என்ர உடம்பிலை மருந்து ஏறாது," என்றார். உள்ளங்கையால் அறைந்து அணைத்தார். கரி அவர் கையில் வட்டமாக ஒட்டியது.

யாரும் கைதட்டவில்லை. குடைக்காரப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி: "இவர் ஒருத்தர்தான் சுத்தமாம். மற்றப் பிள்ளையளெல்லாம் ஊத்தையாம்."

திரும்பும் படகில் இராசனுக்குப் பக்கத்தில் உட்காரும் அளவு இடம் காலியாக இருந்தது. போகும்போது நிற்கக்கூட இடமில்லாத படகு அது. அவருடைய ஊர்க்காரர்களில் ஒருவர் தருமுவிடம், "உன்ர மச்சானுக்குத் தேவையில்லாத வேலை. இனி எங்கையும் ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்காது," என்று சொன்னதைக் கேட்டேன். தருமு கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தண்ணீர் பற்றிச் சொன்னது சும்மா சொன்னதல்ல என்பது பந்தயத்தன்று தெரிந்தது. அங்கே ஓட்டக்காரர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. எடுத்துக்கொண்டு ஓடினால் வழியிலுள்ள ஊர்களை நம்பவில்லை என்று பொருள். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் ஆட்கள் செம்போடும் போத்தலோடும் நிற்பார்கள். ஓட்டக்காரர் எந்த ஊராக இருந்தாலும் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் கோடையில் தண்ணீர்ப் பந்தல் போடுவோம், ஆனால் ஓடுகிறவனுக்கு ஓடிப்போய்க் கொடுக்கமாட்டோம். பந்தயத்திலேயே அழகான காட்சி இதுதான் என்று சிவபாலன் சென்னையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்.

குறிகட்டுவானில் தொடங்கி, மடத்துவெளி, புங்குடுதீவுக் கடற்பாலம், வேலணை, நாரந்தனை வழியாக ஊர்காவற்றுறைத் துறைமுகம் சென்று, அங்கே திரும்பி, மறுபடி நாரந்தனை வழியாக வேலணையில் முடிய வேண்டும். நாங்கள் கயிற்றுக் கதவுக் காரில் முன்னும் பின்னுமாகப் போனோம். மடத்துவெளியில் சந்திரனுக்காகப் பத்துக் கைகள் நீண்டன. அவருடைய சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இராசன் வந்தார். அவர் நெருங்கியதும் கைகள் இறங்கின. ஒரு பெரியவர் நீட்டிய செம்பை இழுத்துத் தன் காலடியில் ஊற்றினார். கடற்பாலத்தில் நிழல் கிடையாது. வேலணைக்கு வந்தபோது இராசனின் உதடுகள் வெளுத்திருந்தன. அங்கேயும் யாரும் கொடுக்கவில்லை. முன்னால் போன மூவரில் அவர் மூன்றாவதாகச் சரிந்துகொண்டிருந்தார்.

நாரந்தனையில் தருமு வீதியின் நடுவிலேயே நின்றார். கையில் சிவப்புச் சோடாப் போத்தல். இராசன் அதைப் பறித்து, தலையை நிமிர்த்தி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேலிப் பக்கம் எறிந்தார். தருமு கொஞ்ச தூரம் கூடவே ஓடினார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

துறைமுகத்தில் திரும்பியபோது இராசன் மூவரில் கடைசி. மறுபடி நாரந்தனையைக் கடந்தபோது இரண்டாவது. பனைகளுக்கு நடுவே வீதி நேராக ஓடும் இடத்தில், உட்காராமல் எழுந்து நின்று மிதித்துச் சந்திரனைக் கடந்தார். எங்கள் காரோட்டி அதைப் பார்த்த வியப்பில் ஒரு மாட்டு வண்டியோடு மோதப் பார்த்தார். தண்ணீர் கிடைக்காத மனிதன் இப்படி ஓடுவான் என்று நான் நினைக்கவில்லை. பல பந்தயங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தவற்றில் அது சிறந்த ஓட்டம் என்று அப்போது எண்ணினேன்.

நான் முடிவுக்கோட்டுக்குப் போய் நின்றேன். தூசிக்குள்ளிருந்து ஒரே ஒருவர் வந்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. வெளியாள் நடுவர் தேவைப்படாத முடிவு. நாரந்தனைக்காரர்கள் கத்தினார்கள். மற்றவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இராசன் இறங்கினார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். கையை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார். கை நடுங்கியது. உள்ளங்கையில் கற்பூரக் கரி இன்னும் முழுவதும் போகவில்லை. போன வருடம் சந்திரன் மைதானத்தைச் சுற்றியதை அவரும் நின்று பார்த்தவர்தானே. அவர் கூட்டத்துக்குள் தருமுவைத் தேடினார்.

"சோடாவுக்கை என்ன போட்டனீங்கள்?"

தருமு மறைக்கவே இல்லை. பெருமையாகத்தான் சொன்னார். "நீ குடிச்சது சோடா. குளிசை கரைச்சது நான். பாவத்தை நான் எடுத்திட்டன் மச்சான். அம்மாள் பிடிச்சா என்னைத்தான் பிடிப்பா. நீ ஏன் பயப்பிடுறாய்? நீ கொழும்புக்குப் போ."

அதைவிட அன்பான ஒரு பேச்சை அந்தப் பயணத்தில் நான் கேட்கவில்லை. இராசன் அவரை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கை கீழே இறங்கியது.

பிறகு மேடைக்கு வந்தார். "ஐயா, என்ர பேரை வாசிக்காதேங்கோ," என்றார்.

யாருடைய சக்கரம் முதலில் கோட்டைத் தொட்டது என்பதைச் சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார்கள். அதை இராசனிடம் சொன்னேன். மற்றதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், யாரும் தடுக்கமாட்டார்கள் என்றேன். சிவபாலன் என் காதுக்குள், "நீர் பேசாமல் வாசிச்சுப்போட்டு இறங்கும்," என்றார். பெயரை வாசித்ததும் இராசன் ஒலிபெருக்கியை வாங்கினார்.

சோடாவைப் பற்றிச் சொன்னார். தன் உடம்பில் மருந்து ஏறிவிட்டது என்று சொன்னார். தன் சத்தியம் போய்விட்டது, இந்த வெற்றியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார். இவ்வளவையும் மிக வேகமாகச் சொன்னார். மருந்தின் வேகம் அது. தருமுவின் பெயரைச் சொல்லவில்லை.

கல் வரும் என்று நான் ஒரு தூணின் பக்கம் ஒதுங்கினேன். கல் வரவில்லை. எங்கோ ஒருவர் கைதட்டினார். பிறகு பத்துப் பேர். பிறகு முழு மைதானமும். மடத்துவெளிக்காரர்கள் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார்கள். காலையில் அவருக்குத் தண்ணீர் மறுத்தவர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். "இப்பதான்ரா நீ எங்கட ஆள்!" என்று ஒருவர் அவர் தொடையில் தட்டிக் கத்தினார். அவர்களிடம் கேலி இல்லை. அதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு நிம்மதி. ஒருவன் சுத்தமாக இருந்தது அத்தனை பேருக்கும் பாரமாக இருந்திருக்கிறது, அது இறங்கிவிட்டது. தோள்களுக்கு மேலே இராசன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தார்.

கொழும்பு ஆள் பொறுமையாகக் காத்திருந்து, அவர் இறங்கியதும் தோளில் கைபோட்டார். "அதெல்லாம் அங்க ஒரு பிரச்சினையும் இல்ல, தம்பி. டாக்டர் பாத்துத் தருவார். இந்த லொறிக்காரன் சாமான் வேணாம்."

"நான் வரேல்லை," என்றார் இராசன்.

கொழும்பு ஆள் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில். பிறகு சந்திரனிடம் போனார். சந்திரன் ஒத்துக்கொண்டார். அதன் பிறகு, மேடைக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற இராசனிடம் சந்திரன் வந்து நின்றதைப் பார்த்தேன். நான் சில அடி தள்ளி இருந்தேன்.

"எனக்கும் முதல்தரம் இப்பிடித்தான்," என்றார் சந்திரன். "பாலுக்கை கலந்து தந்தவை. எனக்குத் தெரியாது. தெரிஞ்சாப் பிறகு, வெண்டுபோட்டன்தானே எண்டு பேசாமல் இருந்திட்டன்."

சந்திரன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவர் கொழும்புக்குப் போனது மட்டும் எனக்குத் தெரியும். அந்த ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு அவரைப் பற்றி விசாரித்த எவருக்கும் சரியான பதில் கிடைக்கவில்லை. மடத்துவெளி முதலாளியின் தென்னிலங்கைக் கடை எரிந்ததைச் சிவபாலன் பின்னால் சொன்னார்.

மறுநாள் நெடுந்தீவைக் காட்டுவதாகச் சிவபாலன் முன்பே சொல்லியிருந்தார். இருவருக்குமே போக விருப்பமில்லை, ஆனால் சொன்ன சொல்லை மாற்ற வேறு காரணம் தோன்றாததால் குறிகட்டுவான் பஸ் ஏறினோம். புங்குடுதீவுக் கடற்பாலத்தில் பஸ் வேகம் குறைந்தது. முன்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார். இராசன். அதிகாலையில் நாரந்தனையிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சக்கரங்களில் காற்று நன்றாகத்தான் இருந்தது.

"அம்மாளிட்டைச் சைக்கிளைக் குடுக்கப் போறானாம்," என்றார் சிவபாலன். "இனி அதிலை ஏறமாட்டானாம். தருமு சொன்னவன்."

"சம்பியன்!" என்று பஸ்ஸுக்குள் யாரோ கத்தினார்கள். எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நடத்துநர் மணியடித்து பஸ்ஸை நிறுத்தினார். "ஏறும் தம்பி! சைக்கிளை மேலை போடுவம்!"

இராசன் தலையசைத்து மறுத்தார். நடையை நிறுத்தவில்லை. பஸ் அவரோடு மெல்ல ஊர்ந்தது.

எனக்கு முன் இருக்கையில் ஒரு கறுப்புக் குடை இருந்தது. குடைக்காரப் பெண் தன் பையைத் துழாவி ஒரு சோடாப் போத்தலை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "இந்தா ராசா, வெயிலுக்கை குடிச்சிட்டு நட."

இராசன் நின்றார். போத்தலைப் பார்த்தார். போத்தலின் மூடியைப் பார்த்தார்.

"உடைக்காத போத்தல், அப்பன்," என்றார் அந்தப் பெண். குரல் தணிந்திருந்தது. "மூடி அப்பிடியே கிடக்குது பார்."

"வேண்டாம் அக்கா," என்றார் இராசன். சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார்.

பஸ் வேகம் எடுத்தது. அந்தப் பெண் போத்தலைக் குறிகட்டுவான் வரை மடியில் வைத்திருந்தார். அவரும் அதைத் திறக்கவில்லை.